ஏழு பேருக்குப் படம் போட மாட்டார்கள்

அந்தப் படத்தை அத்தை முதலில் பார்த்தது பேரனின் போனில். முழுப் படம் இல்லை, இரண்டு நிமிட ட்ரைலர். கொட்டகையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தவர், கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தார். அதில் ஒரு பெண் வலைக்கு முன்னால் உட்கார்ந்து நண்டு எடுக்கிற காட்சி வந்தது. ஐந்து நொடிகூட இருக்காது. "திரும்பப் போடு" என்றார். மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இவ நடிக்க வந்தவ இல்லடா. பாரு, காலு ஒடியாம எடுக்கிறா."

நண்டு எடுக்கத் தெரியாதவர்களுக்கு அந்த வார்த்தையின் கனம் புரியாது. வலையில் விழுந்த நண்டு தப்பிக்கப் பார்த்துப் பார்த்து, எல்லாக் கால்களிலும் நூலைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். அவசரப்பட்டு இழுத்தால் கால் ஒடியும். கால் ஒடிந்த நண்டுக்கு, நண்டு வாங்குகிற கம்பெனியில் விலை குறைவு. முதுகோட்டைப் பின்பக்கமாகப் பிடித்து, கொடுக்கை மடக்கி, ஒவ்வொரு காலாக நூலைத் தளர்த்த வேண்டும். அத்தைக்கு வலது கை ஆள்காட்டி விரலில் நகத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. பதினாறு வயதில் நண்டு கவ்வியது. இத்தனை வருடத்தில் அவர் செய்கிற வேலையைச் சினிமாவில் ஒருத்தி சரியாகச் செய்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எங்க ஓடுது? கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார். அவர் தியேட்டர் வாசலை மிதித்துப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

படத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் பேச்சு அந்தப் படம் நல்லதா கெட்டதா என்று போய்விடும். எனக்குப் பேச வேண்டியது வேறு.

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கு வடக்கே, தொண்டி போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. படம் பார்க்க ராம்நாடு என்கிற ராமநாதபுரம்தான். பஸ்ஸில் ஒரு மணி நேரம், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம் தனி. வெள்ளிக்கிழமை படம் வந்தது. ராமநாதபுரத்தில் ஒரே ஒரு தியேட்டரில், மூன்று திரைகளில் மிகச் சின்ன திரையில், நாளைக்கு ஒரே ஒரு காட்சி. காலை 10.30. மற்ற எல்லா நேரத்திலும் எல்லாத் திரையிலும் அந்த வாரம் வந்த பெரிய நடிகரின் படம்தான்.

காலை 10.30 என்பது எங்கள் பக்கம் வேலை நேரம். நண்டு வலை விடியும்போது கரைக்கு வரும். பெண்கள் ஏழு மணிக்கு உட்கார்ந்தால் நண்டு எல்லாம் எடுத்து, வலையைச் சீராக்கி எழுந்திருக்கப் பதினொன்று பன்னிரண்டு ஆகும். அன்றைய கூலி அதில்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் கடலுக்குப் போகாது, காலையில் பூசை உண்டு. அதனால் ஞாயிறு மதியம் என்றால் ஊரில் பாதிப்பேர் சும்மாதான் இருப்பார்கள். ஆனால் சனி, ஞாயிறு அந்தப் படத்தின் ஒரே காட்சியையும் எடுத்துவிட்டு அந்தத் திரையிலும் பெரிய படத்தையே போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமைதான் மறுபடி வந்தது. அத்தை தன் பங்கு வலையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்தார். கூடவே நான்கு பெண்கள், பேரன், நான். ஏழு பேர் காலை எட்டரை பஸ்ஸில் ஏறினோம். அத்தை பூ வைத்திருந்தார்.

கவுண்டரில் இருந்த பையன் எங்கள் ஏழு பேரையும் எண்ணினான். அப்புறம் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். "பதினஞ்சு பேராவது இருந்தாத்தான் போடுவோம். இல்லன்னா ஏசி, கரண்டுக்கே கட்டாது. பெரிய படம் பதினொன்னேகாலுக்கு இருக்கு, அதுக்குத் தரட்டுமா?" என்றான். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். நான் சண்டை போடப் பார்த்தேன். அத்தை என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். சுவரில் இருந்த பெரிய போஸ்டரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது பொங்கலுக்கு டிவியிலயே வரும். நாங்க அதுக்கு வரல தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அரண்மனைப் பக்கம் போய் டீ குடித்தோம். பெண்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடம் வாங்கினார்கள். வந்ததுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும் இல்லையா. பஸ்ஸில் யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. தேவிபட்டினம் தாண்டி, கடல் கண்ணில் படுகிற இடம் வந்ததும் அத்தை ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "பதினஞ்சு பேரு வேணும்னு மொதல்லயே சொல்லியிருந்தா, கூட்டிட்டு வந்திருப்பேனே."

அந்த ஒரு வாக்கியம்தான் இத்தனை நாளாக என்னை விடாமல் அரிக்கிறது. அதுவரை எனக்கு இருந்தது வெறும் கோபம். எங்கள் ஊர்ப்பக்கம் நல்ல படம் போட மாட்டார்கள் என்று பத்து வருடமாக நண்பர்களிடம் புலம்பிக்கொண்டிருக்கிறேன். ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போகலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அத்தைக்கு உடனே தோன்றியது. அவர் வாழ்க்கை முழுக்க அப்படித்தான். வேளாங்கண்ணிக்கு வேன் பிடிக்க ஆள் சேர்ப்பார், சீட்டுக்கு ஆள் சேர்ப்பார், கல்யாண வீட்டுக்கு ஆள் சேர்ப்பார். எத்தனை பேர் வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் யாரும் சொல்லவில்லை.

படம் எங்கே நிற்கிறது

சினிமா வியாபாரத்தில் தமிழ்நாட்டை ஏரியாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை சிட்டி, செங்கல்பட்டு, ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி–தஞ்சாவூர், நெல்லை–குமரி, அப்புறம் மதுரை–ராம்நாடு. எங்கள் ஊர்ப் பெயர் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ஒரு படத்தின் மதுரை–ராம்நாடு உரிமையை ஒருவர் வாங்கினால் அதில் நாங்களும் சேர்த்துத்தான் விற்கப்பட்டிருக்கிறோம். ஆனால் சின்னப் படம் மதுரையில் நான்கு தியேட்டரில் ஓடிவிட்டு நின்றுவிடும். ராம்நாடு என்கிற பாதி பெயரோடு சரி.

என் அப்பா காலத்தில் இது வேறு மாதிரி இருந்தது. பிலிம் பெட்டி என்று ஒரு பொருள் இருந்தது. ஒரு பிரிண்ட் எடுக்கச் செலவு அதிகம், அதனால் எண்ணிக்கை குறைவு. முதலில் மதுரை மாதிரிப் பெரிய ஊரான ஏ சென்டரில் ஓடும், அப்புறம் சின்ன டவுனான பி, அதன் பிறகு கிராமப் பக்கமான சி. எங்கள் கரைப்பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வரும்போது படத்தில் மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்திருக்கும். மணலைக் குவித்து மேடாக்கி அதில் உட்கார்ந்து பார்த்ததாக அப்பா சொல்வார். ஆனால் வந்தது. ஆறு மாதம் கழித்தாவது வந்தது. இன்று பெட்டி இல்லை. ஹார்ட் டிஸ்க்கிலோ சாட்டிலைட்டிலோ படம் வந்து சேர்கிறது. அதைத் திறக்க ஒரு கீ அனுப்புகிறார்கள். எந்தத் தியேட்டர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அந்தக் கீயில் இருக்கும். சென்னையில் திறக்கிற அதே நிமிடம் ராமநாதபுரத்திலும் திறக்கலாம். தூரம் என்கிற தடை போய்விட்டது. போன பிறகும் படம் வரவில்லை என்றால் அதற்குக் காரணம் தூரம் இல்லை.

காரணம் என்ன என்று கேட்க மறுநாள் நான் தனியாக அந்தத் தியேட்டருக்குப் போனேன். மேனேஜர் உட்காரச் சொல்லி, அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெரிய நடிகரின் படத்தை எடுக்கும்போதே முதல் வாரம் எத்தனை காட்சி போட வேண்டும் என்று விநியோகஸ்தர் பேசிவிடுகிறார். முடியாது என்றால் அடுத்த பெரிய படம் எதிர்த் தியேட்டருக்குப் போகும். அட்வான்ஸ் கட்டியிருக்கிறார்கள், அந்தப் பணத்தை முதல் மூன்று நாளில் எடுக்க வேண்டும். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் சில வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடுவதால் பத்து நாளுக்கு மேல் கூட்டம் நிற்பதில்லை. சின்னப் படம் எடுத்தவருக்கும் வேறு ஒரு கணக்கு இருக்கிறது. படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற டிஜிட்டல் நிறுவனங்களுக்கு ஒவ்வொரு திரைக்கும் கட்டணம் கட்ட வேண்டும். 2018-ல் இந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் தயாரிப்பாளர்கள் மார்ச் 1-லிருந்து ஏப்ரல் நடுப்பகுதி தாண்டும் வரை ஒரு புதுப் படத்தைக்கூட வெளியிடாமல் நிறுத்தி வைத்தார்கள். பத்துப் பேர் வருகிற ராமநாதபுரத்துத் திரைக்குக் கைக்காசைப் போட்டுக் கட்டணம் கட்ட அவருக்கு என்ன தலையெழுத்து?

இதெல்லாம் எனக்குப் புரிகிறது. நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். கரண்ட் பில் ஏறினால் முதலாளி முகம் எப்படி மாறும் என்று தினமும் பார்க்கிறேன். ஆனால் எங்கள் ஏலக் கூடத்தில் நடப்பதையும் தினமும் பார்க்கிறேன். வியாபாரிகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு விலை வைத்துவிட்டால் அன்றைக்கு அதுதான் விலை. மீனைப் பிடித்தவன் தலையாட்டிவிட்டு வருவான், ஏனென்றால் மீனை வைத்துக்கொண்டு அவன் மறுநாள் வரை நிற்க முடியாது. நல்ல படத்துக்கும் அதே நிலைமைதான். முதல் மூன்று நாளில் விற்கவில்லை என்றால் ஐஸ் இல்லாத மீன் மாதிரி அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு படம் நன்றாக இருக்கிறது என்கிற பேச்சு மதுரையிலிருந்து கிளம்பி, ராம்நாடு வந்து, அங்கே வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பையன் மூலமாகக் கரைக்கு வந்து சேர எட்டுப் பத்து நாள் ஆகும். அந்தப் பேச்சு வந்து சேரும்போது படம் இருக்காது.

மேனேஜர் கடைசியில் ஒன்று சொன்னார். "ஜனங்க கேக்கிறதத்தான் சார் போடுறோம்." இந்த இடத்தில்தான் எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை.

ரசனை அவ்வளவுதானா

ஜனங்கள் எங்கே கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள்? காலை 10.30-க்கு வர முடியாதவர்களை 10.30-க்குக் கூப்பிட்டு, வரவில்லை என்றதும் அவர்களுக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டுவது கேட்பது ஆகாது. இரவுக் காட்சி எங்களுக்கு இல்லவே இல்லை. படம் விட ஒரு மணி ஆகும், கடைசி பஸ் எப்போதோ போயிருக்கும். மாலைக் காட்சி முடிந்தால் பஸ் கிடைத்தாலும் கிடைக்கும். மேட்னி ஒன்றுதான் கடற்கரை ஊர்களுக்குச் சரிப்படும். அதிலும் ஞாயிற்றுக்கிழமை மேட்னி. அந்த ஒரு காட்சியைச் சின்னப் படத்துக்கு இதுவரை யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை. கொடுத்துப் பார்த்து, ஆள் வராமல் போயிருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

எங்கள் மாவட்டத்து மக்களுக்குப் பொறுமை இல்லை, சண்டையும் பாட்டும் இருந்தால்தான் உட்காருவார்கள் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாக்களுக்கு வந்து பாருங்கள். வள்ளி திருமணம் நாடகம் இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும் வரை நடக்கும். அதில் வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்கிற இடத்தில் மட்டும் மணிக்கணக்கில் வெறும் பேச்சுதான். ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு பாட்டு, மறுபடி கேள்வி. கிழவிகள் தூங்காமல் உட்கார்ந்து, எந்த நாரதர் எந்த ஊரில் எந்தக் கேள்விக்கு மடங்கிப்போனார் என்று அடுத்த வருடம் வரை பேசுவார்கள். அரிச்சந்திரன் மயான காண்டத்துக்கு அழாத ஆள் கிடையாது. இவர்களுக்கா பொறுமை இல்லை?

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் கடற்கரையைச் சினிமாக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பாம்பன் பாலத்தையும் தனுஷ்கோடி மணலையும் எத்தனை படத்தில் பார்த்துவிட்டோம். வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள், எடுத்தது திரும்பி வருவதில்லை. தனுஷ்கோடி மீனவர்களையும் அகதிகளையும் பற்றி 'செங்கடல்' என்று ஒரு படம் எடுக்கப்பட்டது. தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்து, மேல்முறையீட்டுக்குப் போய் 2011-ல்தான் அனுமதி கிடைத்தது. எங்கள் கடலைப் பற்றிய அந்தப் படத்தைப் பெரிய திரையில் பார்க்கிற வாய்ப்பு எனக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. மதுரைப் பக்கத்து வறண்ட பூமியில் எடுத்த 'கூழாங்கல்' 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதல் பரிசான டைகர் விருதை வாங்கியது, அந்த வருடம் இந்தியா ஆஸ்கருக்கு அனுப்பிய படமும் அதுதான். அதை நாங்கள் 2023 அக்டோபரில் ஓடிடியில்தான் பார்த்தோம். வெளிநாட்டு விழா கொண்டாடிய படத்தை நாங்கள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம்.

போன் இருக்கிறதே, அதில் எல்லாம் வருகிறதே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வருகிறது, உண்மைதான். ஆனால் அத்தை வீடு ஒற்றை அறை. அங்கே ஒருவர் படம் பார்த்தால் இன்னொருவர் தூங்க முடியாது. அதைவிட, அத்தைக்கு அந்தப் படத்தைத் தனியாகப் பார்க்கிற எண்ணமே கிடையாது. தன் கூட நண்டு எடுக்கிற பெண்களோடு உட்கார்ந்து, "பாரு, பாரு" என்று பக்கத்தில் இருப்பவளை இடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். அதற்குத்தான் பூ வைத்துக்கொண்டு வந்தார்.

பக்கத்து மாநிலமான கேரளாவில் அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகமே தியேட்டர் நடத்துகிறது. 1965-லேயே திருவனந்தபுரத்தில் பிலிம் சொசைட்டி ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே அப்படி ஒன்று வரும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நான் மேனேஜரிடம் நேராகக் கேட்டேன்: "எத்தனை பேரைக் கூட்டி வந்தால் ஞாயிறு மேட்னி தருவீர்கள்?" அவர் யோசித்தார். "நாப்பது பேரு. ஆனா பணத்த மொதல்லயே கட்டிரணும். நான் மதுரையில கேட்டு கீயை ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீட்டிக்கச் சொல்றேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்கு நான் இன்றும் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

நாற்பத்து மூன்று

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அத்தையிடம் சொன்னேன். புதன்கிழமை ராத்திரிக்குள் நாற்பத்து மூன்று பேர். பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பேத்தியை விட்டுப் பெயர் எழுதச் சொல்லியிருந்தார். டிக்கெட்டும் வேனும் சேர்த்து ஆளுக்கு 200 ரூபாய். நண்டு எடுக்கிற பெண்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட இரண்டு தாத்தாக்கள், பக்கத்து ஊர் முஸ்லிம் வீட்டு அக்கா ஒருவரும் அவர் மகளும். நாற்பது பேர் தேறுமா என்று பயந்துகொண்டிருந்தவன் நான். அத்தை, "இன்னும் ரெண்டு நாளு குடுத்தா வேன் பத்தாதுடா" என்றார்.

வியாழக்கிழமை காலையில் மேனேஜருக்குப் போன் செய்தேன். "எடுத்தாச்சு சார்" என்றார். புதன்கிழமையோடு படத்தைத் தூக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வேறு படம் வருகிறது, மதுரையில் கேட்டதற்கு, ஒரு காட்சிக்காகவெல்லாம் கீ நீட்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அவர் குரலில் வருத்தம் இருந்தது. ராமநாதபுரத்தில் அந்தப் படம் மொத்தம் எத்தனை காட்சி ஓடியது என்று கேட்டேன். இரண்டு என்றார். வெள்ளிக்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று. திங்களும் செவ்வாயும் பதினைந்து பேர் சேரவில்லை.

இரண்டு காட்சி. மதுரை–ராம்நாடு ஏரியாவில் ராம்நாட்டு மக்களின் ரசனையை அந்த இரண்டு காட்சியை வைத்து எடை போட்டிருப்பார்கள். எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் இந்த மாதிரிப் படம் இந்த ஊரில் ஓடாது என்று அது பதிவாகியிருக்கும். அடுத்த சின்னப் படம் வரும்போது அந்தப் பதிவைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அத்தையின் நோட்டில் இருக்கிற நாற்பத்து மூன்று பெயர் அந்தக் கணக்கில் ஏறவே ஏறாது. கணக்கு எழுதுகிறவன் என்பதால் இது எனக்குத் தாங்கவில்லை. வரவில் வைக்காத சரக்கை நஷ்டம் என்று எழுதுகிற கணக்கு தப்பான கணக்கு.

நாலாவது வாரம் படம் ஓடிடியில் வந்தது. வலைக் கொட்டகையில் நண்டுக் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் போனைச் சாய்த்து வைத்து, ஆறேழு பெண்கள் குனிந்து பார்த்தார்கள். வெயிலில் பாதி தெரியவில்லை, ஒருத்தி முந்தானையை விரித்து நிழல் பிடித்தாள். அந்த நண்டு எடுக்கிற காட்சி வந்தபோது அத்தை நிறுத்தச் சொல்லி, ஸ்கிரீனில் விரல் வைத்து அந்தப் பெண்ணின் கையைப் பெரிதாக்கப் பார்த்தார். முடியவில்லை. "பெருசாப் பாத்திருந்தா தழும்பு இருக்கான்னு தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அன்று சாயங்காலம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நோட்டோடு போனேன். ஒன்பது பேர் வாங்கிக்கொண்டார்கள், அவர்களுக்குச் செலவு இருந்தது. மற்றவர்கள் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை, "வச்சுக்கடா, அடுத்த படத்துக்கு ஆவும்" என்றார். முப்பத்து நான்கு பேர் பணம், 6,800 ரூபாய், ஐஸ் கம்பெனி மேசை டிராயரில் ஒரு கவரில் இருக்கிறது. அடுத்த வாரம் என்ன படம் என்று மேனேஜருக்கே வியாழக்கிழமை ராத்திரிதான் தெரியுமாம். அதனால் வாரா வாரம் வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அவருக்குப் போன் செய்கிறேன். போன வாரம் நான் பெயரைச் சொல்வதற்கு முன்பே, "இந்த வாரமும் எதுவும் இல்ல சார்" என்றார். வைத்துவிட்டு நிமிர்ந்தால் அத்தையின் பேரன் வாசலில் நிற்கிறான், பாட்டி கேட்டுவரச் சொன்னார்களாம்.